பொட்டு வைத்த மயில்

செட்டிகுளம் மலைமேல் நிற்கும் முருகப்பெருமானுக்கு முதல் வணக்கம். அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு அடுத்த வணக்கம்.

அக்கா செட்டிகுளத்தில் பிறந்து செந்துறையில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளவயதிலேயே காலமாகிவிட, பொட்டில்லாத நெற்றியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்தார். பெண்பிள்ளைகளுக்கு அவர் தைத்த கவுன்கள் பெரம்பலூர், அரியலூர் கடைகளில் தொங்கின. கழுத்துப் பக்கம் ஐந்து நிறத்தில் ஒரு மயில் லேபிள் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கூட, "மயிலு கவுனு குடுங்க" என்றுதான் கேட்பார்கள்.

அரியலூரில் ஒரு வியாபாரி அதே மயிலைப் போட்டு மட்டத் துணியில் தைத்து விற்றார். அது முதல் சலவையிலேயே சாயம் போனது. "ஒன் மயிலு வெளுத்துப்போச்சுடி" என்று ஒரு அம்மா சந்தையில் கேட்க, அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு யாரும் போட முடியாதபடி மயிலை டிரேட்மார்க்காகத் தன் பேரில் பதிந்துவிட வேண்டும் என்று துணிந்தார்.

திருச்சி வக்கீல் ஒரே மாதிரியான படங்கள் சில கேட்டார். அக்கா வரைந்து முடித்ததும் மலைக்கோயிலில் சாமி பாதத்தில் வைத்து எடுத்தோம். புது மெஷின் வாங்கினாலும் எங்களுக்கு அதுதானே வழக்கம். குருக்கள் நல்ல மனதோடு ஒவ்வொரு படத்திலும் குங்குமம் வைத்துக் கொடுத்தார்.

வக்கீல் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "என்னம்மா இது, ஒன்னுல வாலுல செகப்பு, ஒன்னுல கால்ல செகப்பு. ஒன்னுபோல இல்லாட்டி ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. வேற வரஞ்சு கொண்டாங்க."

"வரஞ்சு தரேங்க. ஆனா சாமி வச்ச பொட்ட எடுக்க மாட்டேன். எல்லா மயிலுக்கும் நெத்தியிலயே வச்சுடுறேன்."

"மயிலுக்கு எங்கயாச்சும் பொட்டு உண்டாம்மா?"

"எனக்குத்தான் வைக்கக் கூடாதுன்னாங்க. மயிலுக்கு யாரும் சொல்லலீங்களே."

வக்கீல் அந்தப் பொட்டு வைத்த மயிலையே ஆபீஸுக்கு அனுப்பினார். அப்படியே பதிந்து வாங்கித் தந்தார்.

நோட்டீஸ் போனதும் அந்த வியாபாரியே வீடு தேடி வந்தார். "இனிமே போட மாட்டேன் தாயி" என்றவருக்கு அக்கா காபி கொடுத்து அனுப்பினார். அதுதான் எங்கள் அக்கா.

கடைசி நாட்களில் வைத்தியம் பார்த்த பெரம்பலூர் டாக்டருக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. அக்காவிடம் தையல் வேலை பார்த்த பெண்கள் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது, யாரையும் கேட்காமல் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். பெரியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கும் அந்தப் பெரியவர்களுக்கும் இந்தத் தம்பியின் கும்பிடு.