நைனாவின் சவாரி

என் நைனா கை ரிக்‌ஷா இழுப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தினமும் பட்டினப்பாக்கத்திலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு சாந்தோமில் இருந்த பள்ளிக்கு ஓடுவார். வண்டியின் உயரத்திலிருந்து பார்த்தால் மதில்களுக்கு மேலே கடல் தெரியும்.

ஒரு கட்டளை போட்டிருந்தார். "கேட்டுக்குள்ள நான் உனக்கு நைனா இல்ல. நீ சவாரி, நான் வண்டிக்காரன். இன்னா, புரிஞ்சுதா?"

எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இழுத்த வண்டியில் வந்து இங்கிலீஷ் படிப்பதுதான் என் பெருமையே. ஆனாலும் அவர் சொல்லைத் தட்டவில்லை.

கடைசி வகுப்பில் படித்தபோது ஒரு நாள், பள்ளி காம்பவுண்டுக்குள் மரத்தடியில் வண்டியை நிறுத்தப் போனார். ஒரு மாணவியை இறக்கிவிட்ட மோட்டார் கார் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்து எங்கள் சக்கரத்தில் மோதியது. வண்டி பக்கவாட்டில் சாய, என் கால் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டி முறிந்தது.

"ஹாரன் அடிக்கக் கூடாதாய்யா?" என்று கத்தினார் நைனா.

"இது இன்னா ரோடா, ஹாரன் அடிக்க?" என்றான் டிரைவர்.

"மேல சவாரி குந்திக்கினு கீது பாரு, அப்ப ரோடுதான்!"

அந்த வலியிலும் 'சவாரி' என்ற சொல் சுட்டது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. சொந்தக்காரரைத் தவிர ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். என் கட்டிலருகே டீச்சர் நின்றிருந்தார். வாசலில் நர்ஸம்மா நைனாவை மறித்தாள்.

"பொண்ணுக்கு நீ யாருய்யா?"

நைனா டீச்சரைப் பார்த்தார். துண்டை முறுக்கினார். "என் வண்டியில வந்த சவாரிம்மா. ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்."

"அப்ப வெளியவே நில்லு."

அவர் திரும்பினார். அந்த முதுகு போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"நைனா! எங்க போற? உள்ள வா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் வந்து தரையில் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த என் கால் விரலைத் தொட்டார். "கத்திட்டியேம்மா" என்றார்.

எலும்பு கூடிவிட்டது. சற்றே சாய்ந்து நடக்கிறேன், ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன். காலையில் காலி வண்டியை என் நடைக்கேற்ப மெதுவாக இழுத்தபடி நைனா கூடவே வருகிறார். கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "என் பொண்ணு" என்கிறார். வண்டியில் மட்டும் ஏற்றுவதில்லை. "ஒரு தபா கவுத்துட்டேன், போதும்."

நடந்து போனால் மதில்தான் தெரிகிறது. அலைச் சத்தம் மட்டும் அதற்கு மேலே வருகிறது. என் கண் அந்தக் காலி இருக்கையை விட்டு நகர்வதில்லை.

"நைனா, தெருமுனை வரைக்கும் குந்திக்கட்டா?"

"நட, நட. டைம் ஆவுது."