விமானத் திடலில் அடித்த ராகி

மகளை வழியனுப்பச் சேலம் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். எண்ணெய்ப் புகையும் வெயிலில் காய்ந்த மண்ணும் கலந்த ஒரு வாசம் வந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. ஏரோப்ளேன் எனக்குப் புதுசில்லை. எங்கள் ராகியைத் தூற்றியதே ஓர் ஏரோப்ளேன்தான். நம்பமாட்டீர்கள், சொல்கிறேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். அதியமான்கோட்டைக்கு மேற்கே எங்கள் உழவு நிலமான மேட்டுக்காட்டையும் களத்தையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அவசரத்துக்கு ஏரோப்ளேன் இறங்கத் திடல் போட்டது. சண்டை முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. மண் சுமந்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியதெல்லாம் என் அம்மாவும் ஊர்ப் பெண்களும்தான். அத்தனை பாடுபட்டும் ரொம்ப நாள் ஒன்றுகூட வந்து இறங்கவில்லை.

மிஞ்சிய துண்டு நிலத்தில் ராகி விளைந்தது. அரிசி கண்ணில் படாத வருஷம். அதுதான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. மழை கூடிக்கொண்டு வந்தது, அடிக்கக் களமில்லை. அம்மா திடலின் ஒரு மூலையைச் சாணி போட்டு மெழுகிக் கதிரைப் பரப்பிவிட்டாள். மாடு ஓட்டியது நான். ஏதோ பெரிய உத்தியோகம் பார்ப்பதாக நினைப்பு.

காவல்காரர் முனியப்பன் ஓடி வந்தார்.

"அக்கா, ஏரோப்ளேன் வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"வரட்டுமே. களத்துக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பற பழக்கம் எங்க வூட்டுல இல்ல."

வந்தேவிட்டது. அடித்த ராகியைக் குவித்திருந்த நேரம். மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் காற்றுக்குக் காத்திருந்து தூற்றுவதை அது ஒரே மூச்சில் தூற்றிவிட்டது, உமியோடு ராகியையும் சேர்த்து.

முகம் சிவந்து ஒரு வெள்ளைக்காரன் இறங்கினான். மிச்சத்தையும் பிடுங்கிக்கொள்வான் என்று எனக்குப் பயம். அம்மா முறத்தில் அள்ளி நீட்டினாள். அவன் கொஞ்சம் விழித்தான், பிறகு தொப்பியில் வாங்கிக்கொண்டான். ஒரு வாய் போட்டு முகம் சுளித்தான்.

"பச்சையா தின்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லு முனியப்பா" என்றாள் அம்மா.

பொழுது சாயும்வரை திடலைக் கூட்டி அள்ளினோம். ராகி கிடைத்தது, மண்ணோடு. எத்தனை புடைத்தும் போகவில்லை. அந்த வருஷம் முழுக்கக் களியில் பல் நறநறத்தது. நான் துப்பப் போனால் அம்மா விடமாட்டாள்.

"முழுங்கு. நம்ம காட்டு மண்ணுதான்."

சண்டை முடிந்தது. காடு திரும்பி வரவில்லை. அம்மா ஆபீஸ் ஆபீஸாக நடந்து ஓய்ந்தாள். திடலில் முள் முளைத்து, பிறகு அதையும் வெட்டி மனை போட்டு விற்றுவிட்டார்கள். இப்போது மருமகள் கடையில் வாங்கும் ராகி மாவு பட்டுப் போல இருக்கிறது. எத்தனை மெதுவாகத் தின்றாலும் பல்லில் ஒன்றும் படுவதில்லை.