கிருமியில்லாத நோயும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு பூனைகளோடு. கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பூனை வார்டு பராமரிப்பாளர் என்று அவர் அடையாள அட்டையில் போட்டிருக்கும். யாராவது விசாரித்தால் நான், “பூனை மூத்திரம் அள்ளப் போயிருக்காரு” என்பேன். அவருக்குக் கோபமே வராது. “அதானே வேலை” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சரியான கல்லுளிமங்கன். வீட்டில் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும்.

அந்த வார்டில் இருப்பவை எல்லாவற்றுக்கும் ஒரே நோய். சிறுநீர்ப்பை அழற்சி. முக்கி முக்கித் துளித்துளியாகப் போகும், சில சமயம் ரத்தமும் வரும். சோதித்துப் பார்த்தால் ஒரு கிருமி இருக்காது. மனிதர்களுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, இதே போலக் கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பை வலி வருமாம். பூனையில் புரிந்துகொண்டால் அவர்களுக்கும் ஒரு வழி பிறக்கும் என்று வார்டைப் பார்க்கும் டாக்டரம்மா பல வருடமாக இதிலேயே கிடந்தார்.

புதிதாக ஒரு மருந்தைச் சோதித்தார்கள். பாதிப் பூனைகளுக்கு மருந்து, மீதிக்கு மருந்து போலவே இருக்கிற வெறும் தண்ணீர். எது எந்தப் பூனைக்கு என்று புகட்டுகிற இவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கடைசியில் பார்த்தால், தண்ணீர் குடித்தவையும் மருந்து குடித்தவைக்குச் சமமாகத் தேறியிருந்தன. அப்புறம் மருந்துக்கு என்ன மரியாதை? அன்றைக்கு டாக்டரம்மா சாப்பிடவே இல்லை என்று இவர் வந்து சொன்னார். எனக்கே பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்டுக்கு மாற்று ஆள் வந்தார். நல்ல சுறுசுறுப்பான ஆள்தான். நினைத்த நேரத்துக்கு வந்து, வாசனைத் திரவம் ஊற்றிப் பளபளவென்று கழுவி, தட்டுகளைக் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் டாக்டரம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது.

“அண்ணே, மருந்து குடிச்சது, குடிக்காதது எல்லாமே மறுபடி நோயில விழுந்துடுச்சு. அதுங்களைத் தேத்தினது நீங்கதான்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. வக்கீலுக்கு மூத்திரம் அடைச்சே போச்சு. குழாய் வச்சு எடுத்து விட்டிருக்கேன். பெட்டிய விட்டு வெளியவே வரல. இன்னொரு தடவை அடைச்சா தாங்காது.”

வக்கீல் என்பது வார்டிலேயே வம்பு பிடித்த ஆண் பூனை. இவருக்கு அதன் மேல் உயிர். ஃபோனை வைத்ததும் எழுந்து சட்டையைத் தேடினார்.

“தையல் பிரிஞ்சா உங்களை யாரு அள்ளுறது? படுங்க பேசாம.”

“செத்துடும்டி” என்றார். கண் கலங்கியிருந்தது.

“நான் போறேன். நீங்க எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லுங்க, நான் போறேன்.”

இவருடைய ஒழுங்கெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு டம்ளரை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் பழைய இடத்துக்கு நகர்த்துகிற மனிதரோடு குடும்பம் நடத்துபவளுக்குத் தெரியாதா? அவருடைய துவைக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு, சோப்பு வாசனை கூட இல்லாமல், அவர் போகிற அதே நேரத்துக்குப் போனேன். மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு, எல்லாம் அவர் சொன்ன வரிசையில், அவர் சொன்ன இடத்தில். அவர்தான் வாயே திறக்காதவர் ஆயிற்றே. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வேலை செய்தேன். பெட்டிகளிலிருந்து ஒரு மீசை கூட வெளியே நீளவில்லை. மறுநாளும் அதே கதைதான். வக்கீல் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது. வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏன்டா, வேலை வெட்டி இல்லாமலா நான் இங்க வந்து நிக்குறேன்? வச்ச சாப்பாடு வச்சபடி கிடக்கு. உடம்பு என்னத்துக்கு ஆகும்? வா, வந்து ஒரு வாய் தின்னுட்டு அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கோ.”

ஒரு பெட்டி அசைந்தது. இன்னொன்றிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. சரிதான் என்று வாயை மூடாமல் திட்டினேன். ஒவ்வொன்றாக வந்து தட்டில் வாய் வைத்தன. கடைசியில் வக்கீல் சோம்பல் முறித்துக்கொண்டு வந்து, என் காலில் உரசிவிட்டு, மணல் தட்டில் ஏறி உட்கார்ந்தது. அது இறங்கிய பிறகு பார்த்தால், மணலில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். டாக்டரம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அடுத்த ஆராய்ச்சி மருந்தைப் பற்றி இல்லையாம், இவர் பூனைகளைப் பார்த்துக்கொள்கிற விதத்தைப் பற்றித்தானாம்.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

“ஏங்க, அங்க அதுங்ககிட்ட பேசுவீங்களா?”

“ம்.”

“சொல்லவே இல்லையே. என்ன பேசுவீங்க?”

தலைமாட்டில் இருந்த டம்ளரை அதன் இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

“நீ வீட்ல பேசுறதைத்தான். வேற என்ன தெரியும் எனக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாடு போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன்.