பதினோராம் எண் பை

வெள்ளை ஜாக்கெட் துணியில் தைத்த சுருக்குப் பைகள் அவை. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டைக் குத்தியிருந்தார்கள். சிதம்பரத்தில் நான் கூட்டிப் பெருக்கிப் பாத்திரம் கழுவிய பெண்கள் விடுதிக்கு, வெளியூரிலிருந்து ஆராய்ச்சி மேடம் ஒருவர் அவற்றைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் போனைத் தங்களில் ஒரு பாகமாகவே நினைக்கிறார்களா என்று அளந்து பார்க்கப் போகிறாராம். மனசை எதை வைத்து அளப்பார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி. கேட்கவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது.

அளக்கிற விதம் இதுதான். ஒரு தாளில் இருபது வாக்கியம். போன் என் கை மாதிரி, போன் தொலைந்தால் நானே தொலைந்த மாதிரி என்று இப்படி. எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். எவ்வளவு ஒத்துக்கொள்கிறார்களோ அந்த எண்ணைச் சுழிக்க வேண்டும். பிறகு போனை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுப்பார்கள்.

பக்கத்துக் கிள்ளை ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த பெண் ஒருத்தி என்னிடம் ரொம்ப வாயாடுவாள். "ஆயாம்மா, உனக்கு எது உன் கை மாதிரி? தொடப்பமா?" என்றாள். போடி என்றேன். "எனக்கு அஞ்சுல ரெண்டுதான். ரெண்டு மணி நேரம் இல்லாட்டி என்னா கெட்டுப்போவுது?" என்று சொல்லிப் போனைப் பதினோராம் எண் பையில் போட்டு என் மடியில் வைத்தாள்.

மேடம் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "எது அடிச்சாலும் பையைத் திறக்காதீங்கம்மா. திறந்தா அளவு கெட்டுடும்." பிள்ளைகளோடு கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மற்றப் பைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வராந்தாவில் காவலுக்கு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மடியிலிருந்த பதினோராம் எண் பை என் வயிற்றோடு அதிர்ந்தது. என் பிள்ளைகள் உள்ளே உதைத்தது போல இருந்தது. தாங்காமல் பையின் வாயை நெகிழ்த்திப் பார்த்தேன். அந்த எழுத்தைப் படிக்க என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு போதும். அப்பா என்று இருந்தது.

அவள் அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் படகிலிருந்து மீன் இறக்கும் வேலை. தினமும் மத்தியானம், சாப்பிட்டியா என்று கேட்கக் கூப்பிடுவார். அதுதான் என்று நினைத்துப் பையை இறுக்கினேன். அது விடவில்லை. நாலாவது தடவை எழுந்து கதவு வரை போனேன். இடுக்கு வழியே மேடம் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. உள்ளே போய், அப்பா கூப்பிடுகிறார் என்று சொன்னால் நான் பையைத் திறந்தது வெளியே வந்துவிடும். அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும். அந்தக் கூச்சம் என்னைத் திரும்பவும் உட்கார வைத்தது. ஏழாவது தடவைக்குப் பிறகு அடிக்கவில்லை. அப்பாடா என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, மார்வலி வந்து விழுந்த அவள் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன் என்று வழியெல்லாம் அவரே போன் போட்டுக்கொண்டு போனாராம். போன் கைக்கு வந்து விஷயம் தெரிந்து இவள் ஏறிய பஸ் கடலூர் போய்ச் சேருமுன் ஆள் இல்லை. மேடம் அவளுடைய தாள்களை மட்டும் கட்டுக்குள்ளிருந்து உருவிக் கிழித்துப் போட்டார். அன்று சாயங்காலம் குப்பையோடு நான்தான் அதையும் வாரினேன்.

காரியம் முடிந்து வந்தவள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்தினாள். "ஆயாம்மா, பை உன் மடியிலதான இருந்துச்சு. அடிச்சது உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா, தெரியல."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரவால்ல. நீ என்னா பண்ணுவ" என்று ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் வாயாடியதில்லை.

இப்போது குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். எனக்கும் ஒரு போன் வாங்கித் தந்திருக்கிறாள். கிள்ளைப் பெண்ணின் எண்ணை விடுதியில் கேட்டு வாங்கி அதில் போட்டு வைத்திருக்கிறேன். பெயர் வரைக்கும் போவேன், அழுத்தாமல் வைத்துவிடுவேன். சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். தெரிந்ததும்மா. ஏழு தடவையும் தெரிந்தது. கூப்பிட்டது உன் அப்பா என்றும் தெரிந்தது.