கில்மோர் அணியின் அமெரிக்கக்காரி

ஆர்டிஸ் ஹௌகன் முதன்முதலாகக் கனடாவுக்குள் போனது ஒரு பழைய தையல் மெஷின் வாங்குவதற்காக. எழுபத்து நான்காம் வருடம், பிப்ரவரி மாதம். பத்திரிகையில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, வட டகோட்டாவின் மேல் விளிம்பிலிருக்கும் நார்பியிலிருந்து பிக்கப் வண்டியில் கிளம்பினாள். வேண்டாம், பனி கொட்டப்போகிறது என்று கணவன் செல்மர் சொல்லியிருக்கலாம். ஆனால் செல்மர் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேசுகிறவன் அல்ல. அன்றைய கணக்கு காலைச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிட்டது. வீட்டில் பேச வேண்டிய மிச்சத்தையெல்லாம் ஆர்டிஸ்தான் பேசினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் தொண்டைக்கும் பஞ்சமில்லை.

எல்லையைத் தாண்டிப் பத்து மைல் போவதற்குள் பனி கண்ணை மறைத்தது. கில்மோருக்கு அரை மைல் இருக்கும்போது வண்டி சாலையை விட்டு நழுவிப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. கால் மணி நேரத்தில் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து உருண்டையான ஒரு ஆள் சங்கிலியோடு இறங்கினான். பெயர் ஒரெஸ்ட் கொவல்சுக், கோதுமை விவசாயி.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றான் முதல் வார்த்தையாக.

"நீங்க என்ன பண்ணீங்க? நான்தான் விழுந்தேன்."

"எங்க ரோடு இப்படித்தான். இந்த வளைவுல வருஷத்துக்கு நாலு பேர் விழறாங்க."

"ரோடு உங்களோடதா?"

ஒரெஸ்ட் யோசித்தான். "இல்ல, மாகாணத்தோடது. இருந்தாலும்."

வண்டியை இழுத்து மேலே விட்டதும், இந்தப் பனியில் திரும்பிப் போக முடியாது, ஊருக்குள் வந்து காபி குடித்துவிட்டுப் போகலாம் என்றான். காபி எங்கே என்றால், ஊர்ப் பனியரங்கில். அங்கே வழுவழுவென்று உறைந்த தரையில் இருபது கிலோ கருங்கல்லை வழுக்கிவிட்டு, எதிர்முனையிலிருக்கும் வட்டத்துக்குள் நிறுத்த வேண்டிய ஆட்டம் அன்று சாயங்காலம் நடப்பதாக இருந்தது. ஒரு அணிக்கு நாலு பேர். ஒரெஸ்டின் அணியில் அவன், அவன் மனைவி லெஸ்யா, தபால் ஆபீஸ் ஃபெர்கஸ் என்று மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆளுக்குப் பொன்னுக்கு வீங்கி.

லெஸ்யா ஆர்டிஸை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியுமா?"

"பதினெட்டு வருஷமா பிடிக்கிறேன்."

"அது போதும். கல்லுக்கு முன்னால ஓடிக்கிட்டே பனியைத் தேய்க்கணும். தேய்ச்சா கல்லு தூரம் போகும். எப்பத் தேய்க்கணும்னு ஒரெஸ்ட் கத்துவாரு."

ஒரெஸ்ட் கத்தவில்லை. "கொஞ்சம் தேய்க்க முடியுமா, உங்களுக்குச் சிரமமில்லன்னா" என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் கல் நின்றுவிடும். மூன்றாவது கல்லில் ஆர்டிஸுக்குப் பொறுக்கவில்லை. பேருந்தில் கடைசி இருக்கைப் பையன்களை அடக்கும் அதே குரலில், "தேய்!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு தேய்த்தாள். பக்கத்துத் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களும் பயந்துபோய்த் தேய்த்தார்கள். அன்று கில்மோர் அணி இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஜெயித்தது. தையல் மெஷின் வேறு யாருக்கோ விற்றுப்போயிற்று.

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க செவ்வாய்க்கிழமைதோறும் ஆர்டிஸ் எல்லை தாண்டினாள். முப்பது மைல் போக, முப்பது மைல் வர. போகும்போது கனடாப் பக்க அதிகாரி ஜன்னலைத் திறந்து கேட்பார்.

"எதுக்கு வர்றீங்க?"

"கல்லு தள்ள."

"என்ன கொண்டுவர்றீங்க?"

"ஒரு துடைப்பம்."

திரும்பும்போது அமெரிக்கப் பக்கத்தில் டெல்வின் என்ற வயதான அதிகாரி.

"அங்கிருந்து ஏதாவது கொண்டுவர்றியா, ஆர்டிஸ்?"

"தோத்துட்டு வர்றேன். அதுக்கு வரி உண்டா?"

"உண்டுன்னா நீ ஊருக்கே கடன்காரி ஆயிருப்ப. போ."

மூன்று வருடம் இப்படிப் போனது. நார்பிக்காரர்கள் இதைப் பார்த்துப் பார்த்துப் பொருமினார்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளை அடுத்த நாட்டுக்கு ஆடுகிறாளே, நமக்கு ஒரு அரங்கு இல்லையா என்று பேச்சு வந்தது. பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. அதன் தரையில் தண்ணீர் பாய்ச்சி, கதவுகளைத் திறந்து வைத்தார்கள். ஜனவரிக் குளிர் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. முதல் ஆட்டத்துக்குக் கில்மோர் அணியை அழைத்தார்கள். நார்பி அணிக்குத் தலைவன் செல்மர். அவனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், கூட்டத்தில் மறுத்துப் பேசாதவன் அவன் ஒருவன்தான்.

"நீ எந்தப் பக்கம்?" என்று செல்மர் முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டான்.

"இதென்ன கேள்வி? கில்மோர்."

செல்மர் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான்.

ஆட்டத்தன்று நார்பி முழுக்கக் கிடங்குக்குள் வந்துவிட்டது. மரப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து, கையுறையோடு காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதல் சுற்றில் ஒரெஸ்ட் விட்ட கல் வட்டத்தைத் தாண்டிப்போய்ப் பின்சுவரில் முட்டியது. செல்மர் விட்ட கல் பாதி வழியில் நின்றது. இரண்டாவது சுற்றும் அதே கதி. வட்டத்துக்குள் ஒரு கல்கூட இல்லை. ஆர்டிஸ் விட்ட கல் மட்டும் ஒருமுறை நடுவே போய் உட்கார்ந்தது. அடுத்ததாக ஃபெர்கஸ் விட்ட கல் அதை மோதி வெளியே தள்ளியது.

"ஃபெர்கஸ், அது நம்ம கல்லு," என்றாள் ஆர்டிஸ்.

"அய்யய்யோ, மன்னிச்சுக்கோங்க. கண்ணாடி மாட்டல."

கண்ணாடி அவன் மூக்கின் மேலேயே இருந்தது.

ஆறு சுற்று முடிந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இந்த ஆட்டமே இப்படித்தான் போலிருக்கிறது, மனசுக்கு இதமாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் பேசிக்கொண்டார்கள். ஆர்டிஸுக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. இடைவேளையில் காபி ஊற்றப் போனவள், கதவுக்குப் பின்னால் ஒரெஸ்ட் லெஸ்யாவிடம் கிசுகிசுப்பதைக் கேட்டாள்.

"புது அரங்கு. முதல் ஆட்டம். அவங்க ஜெயிச்சாத்தானே நல்லாருக்கும்? ஆனா அவங்க வட்டத்துக்குள்ள போடவே மாட்டேங்கிறாங்களே. நான் எவ்வளவுதான் வழி விடறது?"

ஆர்டிஸ் கோப்பையை வைத்துவிட்டு நேராக நார்பி ஆட்கள் நின்ற மூலைக்குப் போனாள். "செல்மர். உண்மையைச் சொல்லு. நீங்க தோக்கப் பார்க்கிறீங்களா?"

செல்மர் பூட்சைப் பார்த்தான். "விருந்தாளிங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

ஆர்டிஸ் பனித்தரையின் நடுவில் போய் நின்றாள். துடைப்பத்தால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இங்க எட்டுப் பேர் ஆடறோம். அதுல ஏழு பேர் தோக்கறதுக்கு உயிரைக் கொடுக்கறாங்க. நான் ஒருத்திதான் கிறுக்கச்சி மாதிரி ஓடிஓடித் தேய்ச்சிக்கிட்டிருக்கேன். ஒரெஸ்ட், உங்க மரியாதையை வீட்ல கழட்டி வெச்சிட்டு வரக்கூடாதா? செல்மர், உன் உபசாரத்தைச் சாப்பாட்டு மேசையில காட்டு. இன்னும் ரெண்டு சுற்று இருக்கு. எவனாவது வேணும்னே கல்லை வெளிய விட்டான்னா, அவனை என் பஸ்ல முதல் சீட்ல உட்கார வெச்சுடுவேன், ஞாபகம் வெச்சுக்கோங்க."

நார்பியில் அந்தப் பேருந்தில் போய்ப் படிக்காதவர்கள் குறைவு. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஏழாவது சுற்றில் கில்மோர் நாலு புள்ளி எடுத்தது. ஒரெஸ்டின் கை என்ன கை என்று ஊர் அப்போதுதான் பார்த்தது. எட்டாவதில் கடைசிக் கல் செல்மருடையது. வட்டத்தை அடைத்துக்கொண்டு கில்மோர் கற்கள் மூன்று நின்றன. செல்மர் குனிந்தான், உந்தினான், கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். கல் அவன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒன்றை இடித்து, அது இன்னொன்றை இடித்து, மூன்றும் சிதறி ஓட, கடைசியில் அவன் கல் மட்டும் வட்டத்தின் நட்ட நடுவில் வந்து சாவகாசமாக நின்றது.

நாலுக்கு ஒன்று. கில்மோர் ஜெயித்தது. ஆனால் செல்மரைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, "அது எப்படிப் போச்சு பார்த்தீங்களா" என்று கூரையிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரெஸ்ட் தட்டோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மன்னிச்சுக்கோங்க செல்மர், நாங்க நாலு எடுத்துட்டோம்."

"இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டீங்கன்னா," என்றான் செல்மர், "இந்த உருளைக்கிழங்கு சாலட்டுக்குள்ள உங்க தலையை அமுக்கிடுவேன்."

ஒரெஸ்ட் சாலட் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். பிறகு இரண்டு பேரும் டிராக்டர் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒன்பது மணி வரை பேசினார்கள்.

அடுத்த ஆகஸ்டில் செல்மர் தானியக் களஞ்சியத்து ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். கோதுமை முற்றி நின்றது. வார முடிவில் மழை என்று ரேடியோ சொன்னது. நார்பியில் ஒவ்வொருவருக்கும் அவரவர் வயலே தலைக்கு மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கில்மோரில் நடக்கவிருந்த ஊர் விருந்துக்கு வர முடியாது என்று சொல்ல ஆர்டிஸ் லெஸ்யாவுக்குப் போன் செய்தாள்.

"எத்தனை ஏக்கர் பாக்கி?" என்றாள் லெஸ்யா.

"முன்னூறு."

"சரி." போனை வைத்துவிட்டாள்.

ஆர்டிஸ் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடப் பழக்கம், ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. அன்று பாத்திரம் கழுவும் சத்தம் மாட்டுக்கொட்டகை வரை கேட்டது.

மறுநாள் காலை எல்லையில் டெல்வின் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, வடக்கிலிருந்து மூன்று பெரிய அறுவடை மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதல் மெஷினின் உச்சியில் ஒரெஸ்ட். கடைசியில் ஒரு காரில் லெஸ்யா, மடியில் ஒரு அண்டா.

"எதுக்கு வர்றீங்க? வேலைக்கா?" டெல்வின் கேட்டார்.

"வேலைன்னா சம்பளம் இருக்கணுமே சார். இது சும்மா, சுற்றுலா."

"அறுவடை மெஷின்லயா?"

"மெதுவா போனா ஊர் நல்லாத் தெரியும்."

டெல்வின் அவனைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பின்னால் நின்ற இரண்டையும் பார்த்தார். "எத்தனை நாள் சுத்திப்பார்ப்பீங்க?"

"ரெண்டு நாள். எங்க கோதுமை முத்த இன்னும் ஒரு வாரம் இருக்கு."

டெல்வின் 'சுற்றுலா' என்றே எழுதிக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "செல்மர் நிலத்துல தெற்கு மூலை சதசதன்னு இருக்கும். மெஷின் இறங்கிடும். பார்த்துக்கோங்க."

ஆர்டிஸ் கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், வாளியைக் கீழே வைக்காமலேயே சாலை வரை நடந்து போனாள். லெஸ்யா காரிலிருந்து அண்டாவை இறக்கி அவள் கையில் கொடுத்தாள். உள்ளே பூரணம் வைத்த மாவுக் கொழுக்கட்டைகள்.

"நூத்தியிருபது பெரோகி. உள்ள உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி. நீ சமையல்ல நேரத்தை வீணாக்காதே. லாரி ஓட்ட ஆள் வேணும்."

"போன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ வேண்டாம்னு அரை மணி நேரம் பேசுவ. வெளிநாட்டு போன் பில்லு உனக்குத்தானே ஏறும்?"

இரண்டு நாளும் மெஷின்கள் நிற்கவில்லை. ஆர்டிஸ் தானிய லாரி ஓட்டினாள். செல்மரை நாற்காலியோடு தூக்கி வயல் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை ஒரெஸ்ட் பக்கத்தில் திரும்பும்போதும், "கோணலா போகுது" என்று ஊன்றுகோலால் காட்டினான். ஒரெஸ்ட் தொப்பியைத் தூக்கி ஆட்டிவிட்டு அதே கோணலில் போய்க்கொண்டேயிருந்தான். இரண்டாம் நாள் பிற்பகல் கடைசி ஏக்கர் முடிந்தபோது, மேற்கே மேகம் கறுத்திருந்தது. ஆர்டிஸ் லாரிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினாள். லெஸ்யா தேடிக்கொண்டு வந்தாள்.

"என்ன?"

"தூசி."

"ஆமா, ரொம்பத் தூசி," என்று லெஸ்யாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை வருவதற்குள் எல்லையைத் தாண்டிவிட வேண்டுமென்று உடனே கிளம்பினார்கள். மெதுவாகப் போகும் மெஷின்களுக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கோடு ஒரு வண்டி போக வேண்டும். ஆர்டிஸ் தன் பிக்கப்பில் பின்தொடர்ந்தாள். மணிக்குப் பதினைந்து மைல். சற்று நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஒன்பது கார்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் முதல் கார் விடாமல் ஹாரன் அடித்தது. ஆர்டிஸ் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனாள். உள்ளே மின்னசோட்டா ஆள் ஒருவன், கூரையில் தூண்டில்கள்.

"அம்மா, நான் எல்லைக்கு அந்தப் பக்கம் மனிட்டோபாவுக்கு மீன் பிடிக்கப் போறேன். இப்படிப் போனா மீனுக்கு வயசாயிடும்."

"முன்னால போறவங்க யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஏணி, தொடை எலும்பு, மழை, முன்னூறு ஏக்கர் எல்லாவற்றையும் ஆர்டிஸ் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அந்த ஆள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான். முடிவில் அவள் தன் வண்டியிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். மிஞ்சின பெரோகி.

"இத யாரு செஞ்சது?" என்றான் வாய் நிறைய.

"அதோ, அந்தக் கார்ல போறாங்களே, அவங்க."

அவன் இன்னொன்றை எடுத்துக்கொண்டு, டப்பாவைப் பின்னால் நின்ற காருக்குக் கொடுத்தனுப்பினான். அதற்குள் மெஷின்கள் ஒரு மைல் தள்ளிப் போயிருந்தன. எட்டிப்பிடித்த பிறகு ஒருவரும் முந்தவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. எல்லை வரை வரிசையாக, முதல் தூறல் கண்ணாடியில் விழ விழ, பின்னாலேயே போனார்கள்.