நீங்க எங்கன போறீக?

ஒரே ஒரு கேள்வியக் கேட்டு என் யாவாரத்த வரிசையாக் கெடுத்த ஆளு யாருன்னா, அது ஜக்கம்மாக்காதான். திட்டுறேன்னு நெனைக்காதீக. திட்டத்தான் செய்றேன், ஆனா திட்டி முடிக்கிறப்ப நானே அந்தக்கா பக்கம் சாஞ்சிருவேன், அதுனால இப்பவே சொல்லி வச்சிர்றேன்.

நான் செல்லப்பாண்டி. சின்னமனூர்ல வீடு, மனை வாங்க விக்க ஆள் பிடிச்சுக் குடுக்கிறவன். புரோக்கர்னு சொன்னாக் கோவப்பட மாட்டேன், கமிசன் குடுக்காமப் போனாத்தான் கோவப்படுவேன். ஆபீசுன்னு ஒண்ணும் கெடையாது. மேகமலை பஸ்ஸு வந்து நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு, அங்கன பெஞ்சுல ஓரமா என் எடம்.

முன்னயெல்லாம் அந்தப் பெஞ்சுல உக்கார நேரம் இருக்காது. கேரளாவுல கட்டப்பனைப் பக்கமிருந்து காரப் போட்டு வந்து "சேட்டா, ஸ்தலம் உண்டோ"ன்னு மனை கேட்டு நிப்பாக. ஏலக்கா விலை ஏறுனா எங்க ஊர்ல வீட்டு விலையும் ஏறும். இப்ப ரெண்டு வருசமா எல்லாம் படுத்துக்கிருச்சு. ஏலத்தோட்டத்துல காசப் போட்டவுக பூராம் வீட்ட விக்க வந்துட்டாக. எல்லாரும் விக்க வந்தா வாங்குறதுக்கு யாரு, நானா? தெருவுக்குத் தெரு "வீடு விற்பனைக்கு"ன்னு போர்டு தொங்குது, பாதி போர்டுல என் நம்பர்தான். போன் அடிச்சா ஆசையா எடுப்பேன். "செல்லப்பாண்டி, நம்ம வீட்டையும் குடுத்துரலாம்னு இருக்கேன்"பாரு இன்னொருத்தரு. போன வச்சிட்டு இன்னொரு டீ சொல்லுவேன்.

அப்படி இருக்கயில, மாசி மாசம் ஒரு நாளு, மேகமலை பஸ்ஸுல இருந்து ஒரு அம்மா எறங்கி நேரா என்கிட்ட வந்துச்சு. சேலைக்கு மேல ஆம்பள ஸ்வெட்டரு, கால்ல ரப்பர் செருப்பு, கையில மஞ்சப் பை.

"தம்பி, வீடு காட்டுறவுக நீங்கதானா?"

"ஆமா யக்கா. விக்கணுமா?"

"வாங்கணும்."

நான் டீய வாயில வச்சவன் அப்படியே கீழ வச்சிட்டேன்.

அதுதான் ஜக்கம்மாக்கா. மேகமலை எஸ்டேட்டு ஒண்ணுல கலியாணமாகி வந்த நாள்ல இருந்து தேயிலைக் கொழுந்து எடுத்தவுக. இப்ப ரிட்டயர்டு. எஸ்டேட்ல வேலை பாக்குறவுகளுக்கு லைன் வீடு குடுப்பாக, தெரியுமில்ல? ரயில் பெட்டி கணக்கா வரிசையா ஒட்டிக்கெடக்கும், ஒரு ரூமு, ஒரு அடுப்படி. வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை முடிஞ்சா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பணும். அக்காவுக்குச் சித்திரைக் கடைசி வரைக்கும் தவணை. வீட்டுக்காரரு பேச்சிமுத்து செத்து வருசமாச்சு. ஒரே பொண்ணு, பேரு சிம்ரன். தேனியில நர்சிங் படிக்கிது.

"அவ படிப்ப விட்டுட்டு எஸ்டேட்ல பேரு குடுத்தா வீட்ட எங்களுக்கே விட்டுருவாக தம்பி. 'நான் வந்துர்றேம்மா'ன்னு அந்தப் புள்ளையும் ஒத்தக் கால்ல நிக்கிது. நான் விட மாட்டேன். அவ கையில கொழுந்துக் கத்திரியக் குடுக்கக் கூடாது. அதுக்குத்தான் வீடு கேக்குறேன்."

எஸ்டேட்ல குடுத்த பணம் பூராம் பேங்குல இருக்குன்னு சொல்லுச்சு. நல்ல காலமா இருந்தா அந்தப் பணத்துக்கு எங்க ஊர்ல ஒரு கக்கூசுகூட வராது. இப்ப வீடே வரும். விலை மறுபடி ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும், சித்திரைக்கு முன்னாடி முடிச்சிரணும். இதவிட லேசான கிராக்கி எவனுக்குக் கெடைக்கும்? அன்னைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்காரி மகாலட்சுமிக்கு அல்வா வாங்கிக் குடுத்துட்டேன்னா பாத்துக்கங்களேன்.

மொத வீடு குருசாமியண்ணன் வீடு. அவரு திராட்சை யாவாரி, மார்க்கெட்ல கடை இருக்கு. சும்மா இருக்க மாட்டாம ஏலத்தோட்டத்தக் குத்தகைக்குப் பிடிச்சுக் கையச் சுட்டுக்கிட்டாரு. வீட்டு மேல பேங்குக் கடன். ரெண்டு ரூமு, மொட்டை மாடி, நல்ல தண்ணி. அக்கா அந்த வீட்டப் பாத்த பார்வை இருக்கே! வாசல்ல காலிங்பெல்ல அமுக்கிச்சு, உள்ள குருவி கத்துச்சு. திரும்ப அமுக்கிச்சு. "இது எதுக்கு, கூப்பிட்டாக் கேக்காதா?"ன்னுச்சு. அலமாரியத் தொறந்துச்சு, மூடுச்சு. அடுப்படி மேல இருக்கிற ஓட்டையப் பாத்து, "இது வழியா என்ன வரும்?"னு கேட்டுச்சு. பொகை போகக் காத்தாடி மாட்டுறதுக்குன்னேன். வீட்டுக்குள்ளயே குளிக்கிற ரூமுன்னதும் உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் வெளிய வரவே இல்ல. முடிஞ்சுதுடா யாவாரம்னு நான் மனசுக்குள்ள கமிசன எண்ணிக்கிட்டு நிக்கிறேன்.

வெளிய வந்துச்சு. குருசாமியண்ணனப் பாத்து, "வீட்டக் குடுத்துட்டு நீங்க எங்கன போறீக?"ன்னு கேட்டுச்சு.

அவரு மொகம் செத்துப்போச்சு. "பாக்கணும்மா... எங்கனயாச்சும்..."ன்னு இழுத்தாரு. அவரு சம்சாரம் ராஜமணியக்கா முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாக.

"வேணாம் தம்பி, வாங்க போவோம்"னுச்சு ஜக்கம்மாக்கா.

நாங்க படி எறங்குறப்ப உள்ள ராஜமணியக்கா தேம்பி அழுற சத்தம் கேட்டுச்சு. "பாத்தீகளா"ன்னு அக்கா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. என்னத்தப் பாக்க? எனக்கு ஒண்ணுமே வெளங்கல.

அடுத்தாப்புல காட்டுன வீடு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரோடது, கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போறவரு. இவருக்குத்தான் போக்கெடம் இருக்கேன்னு தெம்பாக் கூட்டிட்டுப் போனேன். அக்கா வாத்தியார விட்டுட்டு அவரு சம்சாரத்துகிட்டப் போயி, "எங்கன போறீக?"ன்னுச்சு. "கோயம்புத்தூருக்கு." "போக மனசு இருக்கா?" அந்தம்மா வாத்தியார் மொகத்தப் பாத்துச்சு. அவ்வளவுதான், அந்த வீடும் போச்சு. இன்னொரு ஆளு, "அது உங்களுக்கு எதுக்கு? காசு இருந்தா வாங்குங்க, இல்லாட்டி நடையக் கட்டுங்க"ன்னு மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லிட்டாரு. சரியாத்தான் கேட்டாருன்னு எனக்கும் தோணுச்சு.

பங்குனி பொறந்துருச்சு. காட்டாத வீடில்ல. எல்லா வீட்டுலயும் காலிங்பெல்ல அமுக்கும், குழாயத் தொறக்கும், மொகமெல்லாம் பூரிச்சுப் போகும். கடைசியில அந்தக் கேள்வி. அதோட மேகமலை பஸ்ஸுல ஏறிப் போயிரும். மகாலட்சுமி சொன்னா, "அந்தம்மாட்ட காசே இருக்காதுங்க. சும்மா வீடு பாக்குற ஆசை." எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. வெயில்ல நாயா அலைஞ்சவன் நானு! அதேநேரம் ஒரு குறுகுறுப்பு. வீட்ட வாங்குறவுக தண்ணி வருமான்னு கேப்பாக, பத்திரம் சரியான்னு கேப்பாக. விக்கிறவன் எங்கன போறான்னு எவனாச்சும் கேப்பானா? மறுநா காலையில மொத பஸ்ஸுல மேகமலைக்கு ஏறிட்டேன்.

வளைவுல வாந்தி வராத குறையாப் போயி எறங்கி, விசாரிச்சு லைனுக்குப் போனா, அங்கன ஒரே கூட்டம். ஒரு வீட்டு வாசல்ல பாத்திரம், கட்டிலு, கோழிக்கூடு எல்லாம் வெளிய கெடக்கு. வீரபாண்டின்னு ஒரு பெரிய மனுசன், ரிட்டயர்டு ஆனவரு, வீட்டக் காலி பண்றாரு. அந்தப் பக்கமே இன்னொரு குடும்பம் மூட்டை முடிச்சோட நிக்கிது. புதுசா வேலைக்குச் சேந்த குடும்பம், அந்த வீட்டுக்கு வர்றவுக. சூப்பர்வைசரு உள்ள போயிச் சன்னலத் தட்டிப் பாத்துட்டு வந்தாரு. பழையவர்ட்ட சாவிய வாங்கி அதே கையோட புதியவர்ட்டக் குடுத்தாரு. இவுக வெளிய வர வர அவுக உள்ள போறாக. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கல.

ஜக்கம்மாக்கா கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் போயி வீரபாண்டியக் கேட்டுச்சு. "அண்ணே, எங்கன போறீக?"

"ஆண்டிபட்டிப் பக்கம் தங்கச்சி வீடு இருக்கும்மா. கொஞ்ச நாளைக்கு அங்கன. அப்புறம் தெரியல."

என்னையப் பாத்ததும் அக்கா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. உள்ள சிம்ரன் உக்காந்துருக்கு, பக்கத்துல ஹாஸ்டல் பெட்டி. பால் ஊத்தாத கட்டங்காப்பி போட்டுக் குடுத்துட்டு அந்தப் புள்ள சொல்லுச்சு, "அண்ணே, எங்கம்மாவுக்கு எந்த வீடும் பிடிக்கப் போறதில்ல. நான் திங்கக்கெழம எஸ்டேட்ல பேரு குடுத்துர்றேன். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்." சொல்லிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிருச்சு.

"யக்கா, எதுக்கு இப்படிப் பண்றீக?"ன்னேன். கோவமாத்தான் கேட்டேன்.

"நான் புதுப்பொண்ணா இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு அடுப்புல சூடு ஆறல தம்பி. முன்ன இருந்த அம்மா வாசல்ல கைப்பிள்ளையோட நின்னுச்சு. அதுக்குப் புருசன் செத்துப்போனாரு, அதுனால வீடு போச்சு. எங்கன போறேன்னு கேக்க எனக்கு வாய் வரல. எங்கன போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அது அடுப்புலதான் இத்தன வருசமும் பொங்கித் தின்னேன். இன்னொருத்தர வெளிய நிறுத்திட்டு நான் இன்னொரு வீட்டுக்குள்ள போக மாட்டேன்."

அட ஆத்தா! அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. வீடுன்னா இந்தக்காவுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். ஒருத்தர் உள்ள போகணும்னா ஒருத்தர வெளிய தள்ளணும். வித்துட்டுப் போறவுகளையும் சாவியப் பறிகுடுத்தவுக கணக்குல சேத்துருச்சு.

"யக்கா, கொஞ்சம் கேளுங்க. குருசாமியண்ணன் போகப்போறது உங்களாலயா? நீங்க வாங்காட்டி அவரு அங்கனயே காலாட்டிக்கிட்டு உக்காந்துருப்பாருன்னா நெனச்சீக? பேங்குல வந்து பூட்டிட்டுப் போயிருவான். ஏலத்துல அடிமாட்டு விலைக்குப் போகும். கடன் அடையாது, அடுத்து மார்க்கெட்டுக் கடையையும் பிடுங்குவான். அன்னைக்கு ராஜமணியக்கா அழுதாகளே, வீடு போகுதேன்னா அழுதாக? வந்த ஒரு ஆளும் வேணாம்னு போகுதேன்னு அழுதாக!"

ஜக்கம்மாக்கா அப்படியே தரையில உக்காந்துருச்சு. "நெசமாவா?"

"என் புள்ளைக மேல சத்தியமா."

"இத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீங்க எங்க என்னையப் பேச விட்டீக!"

சிம்ரன் சுவத்துப் பக்கமிருந்து திரும்பிச் சிரிச்சிருச்சு. அந்தப் புள்ள சிரிச்சு அப்பத்தான் பாத்தேன்.

அடுத்த பஸ்ஸுக்கே மூணு பேரும் எறங்குனோம். நல்லவேளை, குருசாமியண்ணன் வீடு விக்காமத்தான் கெடந்துச்சு. ராஜமணியக்கா கதவத் தொறந்தாக, எங்களப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டாக. "வீட்ட நான் வாங்கிக்கிறேன்மா"ன்னுச்சு ஜக்கம்மாக்கா. ராஜமணியக்கா நம்பல, என்னையப் பாத்தாக. நான் தலைய ஆட்டுனேன். அப்புறம் அக்கா கேட்டுச்சு, விட்டுருமா அது? "இப்பச் சொல்லுங்க, எங்கன போறீக?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கோம்க்கா. கடன அடைச்சிட்டாக் கடை தப்பிச்சுக்கிரும். ராத்திரி தூங்குவோம்."

"எந்தத் தெரு? அடையாளம் சொல்லுங்க, நான் வந்து பாப்பேன்."

ராஜமணியக்கா சொல்லி முடிச்சாக. அப்புறம் அவுகளே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, மோட்டார் சுவிட்சு எது, எந்தக் குழாய் ஒழுகும், மழை பெஞ்சா எந்த மூலையில சுவத்துல ஓதம் ஏறும்னு ஒண்ணு விடாமக் காட்டுனாக. ஓதத்த எவனாச்சும் வாங்குறவுககிட்டக் காட்டுவானா? நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அக்கா எல்லாத்தையும் நல்லாக் கேட்டுக்கிருச்சு.

சித்திரை ரெண்டாம் வாரம் பத்திரம் பதிஞ்சோம். போட்டோ எடுத்தாக, கைரேகை வச்சாக. குருசாமியண்ணன் சாவியக் குடுத்துட்டு வேட்டிய மடிச்சுக்கட்டிக்கிட்டு விறுவிறுன்னு நடந்துட்டாரு. பதிவு ஆபீஸ் வாசல்ல வேப்பமரத்தடியில நான், அக்கா, சிம்ரன் மூணு பேரு. காலேசுக்கு லீவு போட்டு வந்துருந்துச்சு அந்தப் புள்ள.

அக்கா சாவியக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட மெதுவாக் கேட்டுச்சு. "தம்பி, எனக்கப்புறம் இத யார்கிட்ட ஒப்படைக்கணும்?"

"யார்கிட்டயும் ஒப்படைக்க வேணாம்க்கா. உங்களுக்கப்புறம் சிம்ரனுக்கு."

"இவ வேலைக்கு வெளியூரு போயிட்டா?"

"போனாலும் இந்தப் புள்ளைக்குத்தான்."

"வேலையே கெடைக்காட்டி? மேலுக்கு முடியாமப் படுத்துட்டா?"

"யக்கா, இந்தப் புள்ள ஒரு வேலையும் பாக்காட்டியும் வீடு இதோடதுதான். யாரும் வந்து எந்திரின்னு சொல்ல மாட்டாக. உங்களுக்குத் தெரியாதா இது?"

"தெரியும் தம்பி. யாராச்சும் வாயத் தொறந்து சொல்லிக் கேக்கணும்ல."

அப்படியே ஆபீஸ் படியில உக்காந்து மூஞ்சிய முந்தானையில பொத்திக்கிட்டு அழுதுச்சு. ஆபீசுக்கு வந்தவுகெல்லாம் திரும்பிப் பாக்குறாக. எனக்கும் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு, பொய் சொல்லல. சிம்ரன் பக்கத்துல உக்காந்து அம்மா தோளப் பிடிச்சுக்கிருச்சு.

கொஞ்ச நேரத்துல அக்கா மூக்கச் சிந்திப் போட்டுட்டு எந்திரிச்சுச்சு. மகளப் பாத்து ஒரு அதட்டு அதட்டுச்சு.

"ஏ புள்ள, இன்னும் எதுக்கு உக்காந்துருக்க? தேனி பஸ்ஸு போயிரும், காலேசுக்குக் கெளம்பு."