இருபத்திரண்டு அறைகளும் ஒரு படமும்

மனைவி குப்பம்மாளுக்கு எல்லப்பன் நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அவள் கம்மலை அடகு வைத்த பணம். திருத்தணி மலையடியில் பக்தர்களின் செருப்புக்குக் காவலிருந்த ஆள், அதை வைத்துத்தான் முதல் அறையைக் கட்டினார். கம்மல் மூழ்கிப்போனது. இன்று இருபத்திரண்டு அறை லாட்ஜ். "மூணாங்கிளாஸ்பா நானு. எந்த ரூம்ல எந்தக் கொழா ஒழுவுதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன்" என்பார், சாவி வாங்க வருகிறவர்களிடமெல்லாம். தெரியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பின்னால் எட்டு சவரன் வாங்கிப் போட்டும் குப்பம்மாள் விடவில்லை. "இது நீ போட்டது. அது எங்க நைனா போட்டது. துட்ட எண்ணி வையி."

போன தை மாதம் ஒரு காலையில், லாட்ஜ் கல்லாவிலேயே எண்ணி வைத்தார். குலுங்கிச் சிரித்தாள். நாலாம் நாள் மாரடைப்பு, போய்விட்டாள். வீட்டில் இருக்கும் போட்டோக்களிலெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்பாள். சிரித்தது கல்லாவுக்கு மேலிருக்கும் கேமராவில் மட்டும்தான்.

முப்பது நாள் ஆனால் கேமரா பழசை அழித்துவிடும். இருபத்தெட்டாம் நாள் கம்ப்யூட்டரில் அந்தச் சிரிப்பை ஓடவிட்டு, கேமரா மாட்டியவர் போனில் சொன்ன இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார். திரை ஒருமுறை மங்கி வெளுத்தது. "புட்ச்சிட்டேன்!" படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒற்றை விரலால் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறக்கிறார். தண்ணீர் வரி, கரண்ட் பில், யாருடைய ஆதாரோ.

"நான் பாக்கட்டுமா நைனா?" என்றாள் கணக்கு எழுதும் கவிதா.

"என் வூட்ல என் சாமான் எங்க கீதுன்னு நீ சொல்லுவியா? போ, ஏழாம் நம்பர் சாவிய வாங்கு."

"ஆங், இந்தப் பொட்டியயும் நீங்கதான் செங்கல் வச்சி கட்னீங்க."

நேற்று மவுஸை அவள் பக்கம் தள்ளினார். "தெரிலமா."

கவிதா சிரிக்கவில்லை. பிக்சர்ஸைத் திறந்தாள். உள்ளே ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று இன்னொன்று. அதில் ஒரே ஒரு படம்.

அமுக்கிய நொடியில் காட்சி நகர்ந்திருக்கிறது. எல்லப்பனின் வழுக்கைத் தலை குறுக்கே வந்து குப்பம்மாள் முகத்தை மறைத்துவிட்டது. தெரிந்தது வளையல் போட்ட அவள் கையும், விரித்த உள்ளங்கையில் இருந்த நோட்டுகளும்தான்.

எல்லப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திரையில் விரல் நுனியை வைத்து, அந்தக் கையில் இருந்த நோட்டுகளை முதலிலிருந்து எண்ணினார்.